காலா பெடலா

"பிடிச்சுக்கிருச்சும்மா, விட மாட்டேங்குது."

குன்றக்குடிச் சாலையில் நட்டநடுவே நின்றுபோன ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு, கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் வின்சியிடம் போனில் நான் சொன்னது இவ்வளவுதான். நான் பிரேக்கைச் சொன்னேன். அவள் என் காலைச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. நம் ஊரில் கால் பிடித்துக்கொள்ளும், கழுத்து பிடித்துக்கொள்ளும், மழை பிடித்துக்கொள்ளும், பிரேக்கும் பிடித்துக்கொள்ளும். எது பிடித்தது என்று விளக்க அந்த நேரத்தில் எனக்கு அவகாசம் இல்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

பஸ் டிரைவர் இறங்கி வந்தான். "பெரியவரே, பிரேக்ல இருந்து காலை எடுங்க!" என்றான்.

"எடுத்துட்டேன்யா!"

"எங்க எடுத்தீக? குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தேன். என் வலது பாதம் பெடல் மேல்தான் இருந்தது. கையால் தூக்கித்தான் அதை எடுத்தேன்; பஸ் ஒதுங்கிப் போனது, கொஞ்ச நேரம் கழித்து ஜீப்பும் நகர்ந்தது, அப்படியே வீட்டுக்குத் திருப்பிவிட்டேன்.

அந்தப் பாதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மழைக்காலத்தில் எனக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கை திரும்பி வந்தது. பேச்சும் திரும்பி வந்தது. போனதைவிடக் கூடுதலாகவே வந்துவிட்டது என்பாள் என் மனைவி சகாயராணி. வலது கால் நடக்கும், நிற்கும், போகச் சொன்ன இடத்துக்குப் போகும். போய்ச் சேர்ந்ததா என்ற தகவலை மட்டும் பாதம் திருப்பி அனுப்பாது. செருப்பு கழன்று பின்தங்கிவிட்டால், கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தெரியும். 'மெதுவா ஓட்டிப் பாருங்க' என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஜீப்பைத் தொட்டேன். வீட்டிலிருந்து தோட்டத்துக்கு, தோட்டத்திலிருந்து கோயிலுக்கு என்று உள்ளூருக்குள்ளேயே ஓட்டினேன். ஒரு தொந்தரவும் இல்லை. பம்புசெட்டுக்கு ஒரு சாமான் வாங்கக் காரைக்குடிக்குக் கிளம்பிய முதல் நெடும்பயணத்தில்தான் இந்த மானக்கேடு.

மறுநாள் மெக்கானிக் கோட்டைச்சாமி கண்டரமாணிக்கத்திலிருந்து வந்து, ஜீப்பை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தான். "பிரேக் நல்லாத்தாண்ணே பிடிக்குது" என்றான். நல்லாத்தான் பிடிக்கிறது என்ற சான்றிதழோடு பெடல் விடுதலை ஆனது. கால் மாட்டிக்கொண்டது.

வின்சி போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள். வண்டியை விற்றுவிட வேண்டும். சிங்கம்புணரியில் ஒருவர் பழைய ஃபோர் வீல் ஜீப் தேடுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வாராம். அதுவரை சாவி அம்மாவிடம் இருக்க வேண்டும். சகாயராணி சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அவளும் காலைத்தான் சந்தேகப்படுகிறாள் என்று நினைத்தேன்.

உண்மையைச் சொன்னால், நானே சந்தேகப்பட்டேன். ஜீப் போனால் போகிறது, அதற்கும் வயசாகிவிட்டது. ஆனால் நான் எடுத்துவிட்டேன் என்று சத்தியமாக நினைத்த கால் எடுபடவே இல்லை என்றால், இனி நான் எதை நம்பி மாடிப்படி இறங்குவது? எதை நம்பிக் கிணற்று மேட்டில் நிற்பது? தூங்கி எழுந்து காலைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த பஸ் டிரைவர் வந்து நிற்பான். எனக்கு ஜீப் வேண்டும் என்பதைவிட, பிடித்தது காலா பெடலா என்பது தெரிந்தாக வேண்டும். பயமாக இருந்தது.

நான் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கோளாறு தேடுவதுதான் என் பிழைப்பு. எங்கேயோ கரண்ட் இல்லை என்றால் ஊரெல்லாம் எல்லாக் கம்பத்தையும் சந்தேகப்படும். நாங்கள் அப்படிப் போக மாட்டோம். லைனைப் பாதியில் பிரிப்போம். கோளாறு அங்குட்டா இங்குட்டா என்று பார்ப்போம். இல்லாத பக்கத்தைத் தள்ளிவிட்டு, இருக்கிற பக்கத்தை மறுபடி பாதியாகப் பிரிப்போம். இத்தனை வருஷம் ஊருக்குச் செய்ததை என் சொந்தக் காலுக்கு ஏன் செய்யவில்லை என்று சனிக்கிழமை காலையில் இட்லி தின்னும்போது திடீரென்று உறைத்தது. கோபம் கோபமாக வந்தது. தட்டைத் தள்ளி வைத்தேன்.

"சாவியைக் குடு ராணி."

"எதுக்கு?"

"காது குடையத்தான். வண்டி ஓட்ட வேறென்னத்துக்குச் சாவி?"

"நாளைக்கு ஆளு வாராக."

"வரட்டும். இன்னைக்கு ஒரே ஒரு தடவை. கால்தான் கோளாறுன்னு தெரிஞ்சா நானே சாவியை அவர் கையில குடுத்துர்றேன், ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். பெடல்னு தெரிஞ்சா, அப்புறம் பேசுவோம்."

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "நானும் வாரேன்" என்றாள். நான் எதிர்பார்த்தது சண்டை. அது வராததால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

ஊருக்குக் கிழக்கே கண்மாய்க்கரை. எங்கள் தோட்டத்துக்குப் போகிற வழி அதுதான். அந்த நேரத்தில் ஆடு மாடுகூட இருக்காது. கரை ஏறுவதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி, காலிலிருந்து செருப்பைக் கழற்றினேன்.

"உனக்கு ஒரே வேலைதான். ரோட்டைப் பார்க்காத, என்னையப் பார்க்காத. என் வலது காலை மட்டும் பாரு. பெடலை மிதிச்சா 'மிதி'ன்னு சொல்லு, எடுத்தா 'எடுத்தாச்சு'ன்னு சொல்லு. எடுக்காம எடுத்ததா நான் நினைச்சா உடனே கத்து."

முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் பையன்களைக் கண்காணித்த தலைமையாசிரியை அவள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள். ஜீப் கரை மேல் போக ஆரம்பித்தது. ஒவ்வொரு பனைமரத்துக்கும் ஒரு பிரேக். "மிதி. எடுத்தாச்சு. மிதி. எடுத்தாச்சு." கரையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தோம். மறுபடியும் போனோம். என் கால் ஒரு முறைகூடத் தவறவில்லை. வண்டியும் தவறவில்லை. இரண்டுமே நல்லது என்றால் அன்றைக்கு நடந்தது என்ன?

மூன்றாவது நடையில் வண்டி இழுக்க ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த, யாரோ பின்னால் கயிற்றைக் கட்டி இழுப்பது போல முக்கியது. மடைக்குப் பக்கத்தில் கரையிலிருந்து தோட்டத்துக்கு இறங்குகிற சரிவில், மூக்கு கீழே பார்த்தபடி தானாகவே நின்றுவிட்டது. கரிந்த வாடை அடித்தது.

"கால் எங்க?"

"பெடல்ல இல்ல" என்றாள். "இல்லன்னுதான் நினைக்கிறேன். ஒட்டிக்கிட்டுல்ல இருக்கு, தெரிய மாட்டேங்குதே."

அந்த 'நினைக்கிறேன்' எனக்குப் போதவில்லை. எஞ்சினை அணைத்தேன். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். ஹேண்ட் பிரேக் விடுபட்டிருக்கிறதா என்று அவளையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பிறகு இடது காலை மடக்கிச் சீட்டின் மேல் வைத்தேன். வலது காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, ஸ்டீரிங்கில் முட்டி இடிக்க இடிக்க, அதையும் மேலே ஏற்றினேன். டிரைவர் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பந்திக்கு உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும். இலை ஒன்றுதான் குறை.

"கால் எங்க இருக்கு?"

"சீட்டுல."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"வண்டி?"

சரிவைப் பார்த்தாள். உருண்டு ஓடியிருக்க வேண்டிய வண்டி அசையவே இல்லை.

"நிக்குது" என்றாள். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சத்தமாக, "நிக்குதுங்க!" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சம்மணம் போட்டபடியே அழுதேன். பாதத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டேன். அதற்கு என் கை படுவது தெரியவில்லை என்றாலும், பாவம், இத்தனை நாள் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்தது அது. சகாயராணி முந்தானையை எடுத்து நீட்டினாள். மூக்கையும் அதிலேயே சிந்தினேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லாததைப் பார்த்து, அவளும் அழுகிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

அழுகை முடிந்ததும் பழைய லைன் இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டான். பாதி லைன் சுத்தம். கோளாறு மறு பாதியில் இருக்கிறது. அவளை இறங்கச் சொல்லி, முன் சக்கரம் இரண்டுக்கும் பெரிய கல்லாகப் பார்த்து முட்டுக் கொடுக்கச் சொன்னேன். பெடலைக் கையால் அழுத்தினேன். கல்லாக இருந்தது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. கீழே கால்மிதி சிக்கியிருக்கிறதா? இல்லை. பெடலை மேலே இழுக்கிற ஸ்பிரிங் இருக்கிறதா? இருக்கிறது. பெடல் ஆடுகிற அச்சு துருப்பிடித்திருக்கிறதா? கிரீஸோடு பளபளவென்று இருக்கிறது.

அடுத்து சக்கரம். ஒரே ஒரு சக்கரம் பிடித்திருந்தால் கோளாறு அந்தச் சக்கரத்திடம். நாலும் பிடித்திருந்தால் நாலுக்கும் தாயாக இருக்கிற இடத்தில். தண்ணீர் பாட்டிலை எடுத்துச் சகாயராணி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் டிரம்மிலும் தெளித்துக்கொண்டே சுற்றி வந்தாள். நாலிலும் சுர்ரென்று ஆவி பறந்தது.

"நாலும் ஒரே சூடு" என்றாள். தோசைக்கல்லை இத்தனை வருஷம் பார்த்தவள், தப்பாகச் சொல்ல மாட்டாள்.

அப்படியானால் கோளாறு பெடலுக்கும், நாலு சக்கரத்துக்கும் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில். என் ஜீப்பில் அது தரைக்கு அடியில் இருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, சீட்டுக்கு அடியில் இருந்த டூல்ஸ் பையை எடுத்தேன். சீட்டோரமாக நின்று, காலடித் தகட்டின் திருகுகளைக் கழற்றித் தூக்கினேன். பெடலிலிருந்து சிலிண்டருக்குப் போகிற தள்ளுகம்பி தெரிந்தது. பெடலை மிதித்தால், அந்தக் கம்பி முதலில் கொஞ்ச தூரம் சும்மா போக வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே முட்டித் தள்ள வேண்டும். பிளே என்பார்கள். அந்தச் சும்மா போகிற தூரம் இருந்தால்தான், காலை எடுத்ததும் ஆயில் திரும்பி வர வழி திறக்கும். இங்கே கம்பி போய் இறுக முட்டிக்கொண்டு நின்றது. மயிரிழை இடம் இல்லை. வழி எப்போதும் அரைகுறையாக அடைபட்டே இருந்திருக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டினால் தெரியாது. நெடுக ஓட்டி, ஆயில் சூடாகிப் பொங்கினால், திரும்ப வழி இல்லாமல் தானே பிரேக்கை அழுத்திக்கொள்ளும். ஆறினால் விட்டுவிடும். கோட்டைச்சாமி வந்து பார்த்தது ஆறின வண்டியை.

பிளே இல்லை என்பது சாதாரணக் காலுக்கு முதல் மிதியிலேயே தெரிந்திருக்கும். என் காலுக்குத் தெரியவில்லை. அந்த அளவுக்குக் காலும் உடந்தைதான்.

கம்பியைப் பூட்டுகிற நட்டைப் பார்த்தேன். சுற்றிலும் பழைய துரு. நட்டின் விளிம்பில் மட்டும் ஸ்பேனர் கடித்த பளபளப்பு. நான் அதைத் தொட்டதில்லை. இந்த வண்டியை என்னையும் கோட்டைச்சாமியையும் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

"கோட்டைச்சாமி!" என்று கத்தினேன். மடையில் இருந்த கொக்கு பறந்தது. "களவாணிப் பய! இறுக்கி வச்சதும் அவன், நல்லாத்தான் பிடிக்குதுன்னு சொன்னதும் அவன். நான் நடுரோட்டுல செத்திருப்பேன். போனை எடு, இன்னைக்கு அவன் இருக்கான், இல்ல நான் இருக்கேன்."

சகாயராணி போனை எடுத்துத் தரவில்லை. கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவனைத் திட்டாதீக. நான்தான் வைக்கச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. "எப்ப?"

"நீங்க மதுரையில படுத்திருந்தீகள்ல, அப்ப. மாத்துத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த அன்னைக்கு கோட்டைச்சாமியை வரச் சொன்னேன். அவுக காலுக்கு இனிமே பழைய பலம் வருமோ வராதோ, அழுத்தி மிதிக்க முடியாது, தொட்டாப் பிடிக்கிற மாதிரி வச்சுக் குடுடான்னேன். கொஞ்சம் விட்டு வைக்கணும் டீச்சர், அதான் முறைன்னு அவன் சொன்னான். நான்தான் கேட்கல. சும்மா போற தூரத்துல வண்டி போய் முட்டிருச்சுன்னா யாரு பொறுப்புன்னு சத்தம் போட்டேன். நான் சொன்னா அவன் மறுப்பானா, என்கிட்ட படிச்ச பய. அப்புறம் எனக்கு மறந்தே போச்சு. குன்றக்குடி ரோட்டுல நின்னீகன்னு சொன்னப்போகூட இது ஞாபகத்துக்கு வரல. கால்னுதான் நினைச்சேன்."

"இரு இரு" என்றேன். வேறொன்று எனக்கு உறைத்தது. "நான் மதுரையில படுத்திருந்தப்பவா?"

"ம்."

"அப்ப என்னால கையைக்கூடத் தூக்க முடியாதே."

"முடியாது."

"டாக்டர் என்ன சொல்லிக்கிட்டிருந்தாரு?"

அவள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எந்திரிச்சு உட்கார்றாரான்னு முதல்ல பார்ப்போம்னாரு."

நான் எழுந்து உட்காருவேனா என்று பெரிய ஆஸ்பத்திரி சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோது, இவள் ஊருக்கு வந்து, நான் ஓட்டுவதற்கு வண்டியைத் தயார் பண்ணியிருக்கிறாள். நான் இவளைத்தான், என் காலை நம்பாதவள் என்று ஒரு வாரமாக மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன். கோபத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்பேனரை எடுத்தேன்.

நட்டைத் தளர்த்தி, கம்பியை ஒரு சுற்றுக் குறைத்தேன். இன்னும் கொஞ்சம். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். பிடித்துக்கொண்டிருந்த நாலு சக்கரமும் ஒன்றாக விட்டன. ஜீப் முன்னால் அசைந்து, கல்லில் முட்டி நின்றது. "மாதாவே!" என்று சகாயராணி பின்னால் தாவினாள்.

அளவு வைக்க எனக்கு ஒரு கால் தேவைப்பட்டது. உணர்ச்சி உள்ள கால். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அவளை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். அவள் அந்த இடத்தில் உட்கார்ந்ததே இல்லை. செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு ஏறினாள்.

"மெதுவா மிதி. எங்க முட்டுதுன்னு சொல்லு."

"இப்ப ரொம்ப நேரம் சும்மாவே போகுதே."

கம்பியை ஒரு அரைச் சுற்றுக் கூட்டினேன். "இப்ப?"

"கொஞ்சம் சும்மா போகுது. அப்புறம் பிடிக்குது."

"அதுதான். விட்டுப் பிடிக்கணும் டீச்சர்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் நட்டை இறுக்குவதில் மும்முரமாக இருந்தேன். கரிந்த பிரேக் சரியாகத்தான் இருக்கிறதா என்று கோட்டைச்சாமியை வரச் சொல்லிச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் வேண்டும். டீச்சர் சொன்னதை என்னிடம் ஏன்டா சொல்லவில்லை என்று. கேட்டால் அவன் என்ன சொல்வான் என்றும் தெரியும். நீங்க எந்திரிச்சு வந்ததே பெரிசுண்ணே, அந்தச் சந்தோஷத்துல மறந்துட்டேன் என்பான். அதற்கு மேல் எப்படித் திட்டுவது?

டிரம் ஆறும்வரை வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் வின்சி போன் பண்ணினாள். சகாயராணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, நாளைக்கு அவர் பத்து மணிக்கெல்லாம் வந்துருவாராம். ஆர்.சி. புக் எடுத்து வைங்க."

"வண்டி விக்கல. கண்மாய்க்கரையில பிரிச்சுப் பார்த்தாச்சு. அன்னைக்குக் கால் பிடிக்கலம்மா."

"அப்ப பெடலா?"

பெடல் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் சகாயராணியைப் பார்த்தேன். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் தன்னையறியாமல் என் வலது காலில்தான் இருந்தது. என் செருப்பு எப்போதோ கழன்று கிடந்திருக்கிறது. அவள் அதைக் கையால் எடுத்து என் பாதத்தில் மாட்டிவிட்டாள். எனக்கு அது தெரியவில்லை, பார்த்ததால்தான் தெரிந்தது.

"பெடலும் இல்ல. உங்கம்மாதான் பிடிச்சுக்கிட்டிருந்தா" என்றேன்.

"என்னப்பா சொல்றீங்க, ஒண்ணும் புரியல."

"அவகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு எழுந்து, சக்கரத்துக்கு முன்னால் கிடந்த கல்லை எடுக்கப் போனேன்.